என் பேச்சை அவர் மொழிபெயர்த்த நாள்

1

படைவீரர் தினத்தன்று இங்கே அமெரிக்காவில் பல உணவகங்களில் படையில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு இலவசம். நாங்கள் வருடா வருடம் போவோம். இந்த வருடமும் போனோம். காலைக் கூட்டம் கலைந்த பிறகு போவதுதான் வழக்கம். சத்தம் அதிகமானால் என் கணவர் சேகருக்குத் தலைக்குள் ஏதோ கிளம்பிவிடும். பிறகு அன்றைய நாள் எங்கள் கையில் இருக்காது.

பரிமாறும் பெண் வந்து, "உங்கள் சேவைக்கு நன்றி" என்றாள். அவர் முதுகை நிமிர்த்தி, படையில் பழகிய குரலில் அவளுக்கு நன்றி சொன்னார். தட்டு வந்ததும் நான் அதை என் பக்கம் இழுத்து, முட்டையையும் அப்பத்தையும் துண்டு துண்டாக வெட்டி, அவருடைய இடது கைப் பக்கம் தள்ளி வைத்தேன். வலது கைக்கு வெட்டும் பலம் இல்லை. அப்பத்தில் ஊற்றியிருந்த இனிப்புப் பாணி தாடையில் வழிந்து சட்டையில் சொட்டியது. துடைத்துவிட்டேன்.

"உங்களுக்கு எதுவும் வேண்டாமா?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள்.

"கோப்பி போதும்" என்றேன்.

திரும்பி வரும்போது காரில் கேட்டார்.

"ராணி, நாம எங்கயாச்சும் சாப்பிடப் போறோமா?"

"போயிட்டு வந்துட்டோங்க."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சுங்க."

அவர் மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த படத்தை இலங்கையில், கொட்டகலையில் இருக்கும் என் அக்கா புஷ்பாவுக்கு அனுப்பியிருந்தேன். 'ராசா மாதிரி கவனிக்கிறாங்களே' என்று பதில் போட்டிருந்தாள். ஊரில் எல்லாருமே அப்படித்தான் நினைக்கிறார்கள். அது அவர்கள் தப்பில்லை. நான் அனுப்பும் படங்கள் அப்படி. அதனால்தான் படம் அனுப்பாத விஷயங்களை இங்கே எழுதுகிறேன்.

2

அவருக்குச் சொந்த ஊர் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். எங்களுக்குக் கல்யாணம் பேசி முடித்தபோது ஹட்டனில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றும் சுத்தமாகப் பேசுவார். கடைக்குப் பக்கத்தில் இருந்த கொமியூனிகேஷன் கடையில் அமெரிக்க கிரீன் கார்ட் லொட்டரிக்குப் போட்டோ பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பொழுது போகாமல் அவரும் ஒன்று போட்டார். விழுந்துவிட்டது.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. விசா விஷயமாகக் கொழும்புக்குப் போன வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள். அவருடைய அடையாள அட்டையில் வீதிப் பெயரோ வீட்டு இலக்கமோ கிடையாது. தோட்டத்தின் பெயரும் டிவிஷன் பெயரும்தான் விலாசம். அது எங்கே இருக்கிறது என்று துவக்கோடு நின்ற ஆமிப் பையனுக்குத் தெரியவில்லை. பொலிஸ் கூண்டில் அடைத்துவிட்டார்கள். கடை முதலாளி ஹட்டனில் இருந்து வந்து பொறுப்பேற்ற பிறகுதான் விட்டார்கள். அந்த நாட்களைப் பற்றி அவர் எங்களிடம் அதிகம் சொன்னதில்லை. ஆனால் பிற்பாடு கார் ஓட்டும்போது பொலிஸ் வண்டியைக் கண்டால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

அமெரிக்காவுக்கு முதலில் அவர் மட்டும் போனார். ஒரு பண்டகசாலையில் பெட்டி தூக்கினார். நான் கைக்குழந்தை அனுஷாவோடு கொட்டகலையில் அம்மா வீட்டில் இருந்தேன். ஒருநாள் போனில் சொன்னார்.

"ராணி, ஆமில சேரப் போறேன்."

"எந்த ஆமிங்க?"

"இந்த நாட்டு ஆமிதான். சேந்தா சீக்கிரமா பாஸ்போட் குடுத்துருவாங்க. ஒன்னையும் புள்ளையையும் கூப்பிட்டுக்கலாம்." பிறகு சிரித்தார். "ஐ.டி. கார்ட் காட்டுற பக்கம் நின்னு பாத்தாச்சு. கேக்குற பக்கமும் நின்னு பாப்போமே."

என் மாமியார் தோட்டத்து லய வீடுகளில் எல்லாரிடமும் மகன் ஹோட்டல் வேலையில் இருப்பதாகச் சொன்னார். ஆமி என்ற சொல்லை உரக்கச் சொல்ல அந்தக் காலத்தில் அங்கே யாருக்கும் வாய் வராது. ஆண்பிள்ளை இருக்கிற வீட்டில் அந்தச் சொல், பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போக வருகிறவர்கள் என்றுதான் கேட்கும்.

நாங்கள் இங்கே வந்து கொஞ்ச காலத்தில் அவரை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பினார்கள். ரோட்டில் வாகனங்களை நிறுத்திச் சோதிக்கும் வேலை. ஒரு தடவை போனில், "இங்க உள்ள சனமும் நம்ம சனம் மாதிரியே கையக் கட்டிக்கிட்டு நிக்குது ராணி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சில வாரங்களில் அவர் போன வாகனத்துக்குக் கீழே குண்டு வெடித்தது.

உடம்பு முழுசாகத்தான் திரும்பி வந்தது. கை கால் எல்லாம் இருந்தன. விமான நிலையத்தில் அவரைப் பார்த்தபோது கடவுள் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன். மூளையில் பட்ட அடி வெளியே தெரியாது என்று அப்போது எனக்குத் தெரியாது. அது படைவீரர் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் தெரியாது என்பதை இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

3

எங்கள் வீட்டில் அடுப்பின் திருகுகளைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டுத்தான் நான் குளிக்கப் போக வேண்டும். கத்திகள் பூட்டிய இழுப்பறையில் இருக்கின்றன. அவருக்குக் காலை மாத்திரை கொடுத்து, விழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, குளியலறை நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீரின் சூட்டை என் கையில் பார்த்துவிட்டு ஊற்ற வேண்டும். சட்டைப் பொத்தான் போட வேண்டும். வலிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கோபமும் அப்படித்தான். கோபம் வந்து போன பிறகு, உடைந்து கிடப்பதைப் பார்த்து, "யாரு இத ஒடச்சது?" என்று என்னிடமே கேட்பார்.

இதைச் செய்கிறவர்களுக்கு இங்கே ஒரு பெயர் இருக்கிறது. பராமரிப்பாளர். ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் என்னைக் காட்டி அந்தச் சொல்லைச் சொன்னபோது, வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

என் அப்பா உர மூட்டையோடு மலையில் சறுக்கி விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனபோது நான் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அம்மா விடியுமுன் எழும்பி அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, கஞ்சி கொடுத்துவிட்டு, வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்கு ஓடுவார். பெரட்டில் பெயர் விழாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. மத்தியானம் பறித்த கொழுந்தை எடை போட்டதும் மலையில் இருந்து இறங்கி ஓடி வந்து மறுபடி புரட்டுவார். முதலில் லயத்தில் எல்லாரும் மாறி மாறி வந்து பார்த்தார்கள். பிறகு ஒரே ஒருத்தர் வந்தார். அப்புறம் அவரும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கும் பெரட்டு இருந்தது. ஒருநாள் மலையில் வேலையை மேற்பார்க்க வந்த கண்டாக்கு ஐயா அம்மாவை நிறுத்தி, "என்னம்மா, சமாளிக்கிறியா?" என்று கேட்டார். "சமாளிச்சிக்கிறேங்க ஐயா" என்றார் அம்மா. நான் பக்கத்தில் நின்றேன். அப்பாவின் முதுகில் அப்போது புண் வந்து சீழ் பிடித்திருந்தது. அந்தப் புண்ணோடுதான் அவர் போய்ச் சேர்ந்தார். அம்மாவின் இடுப்பு அதற்குப் பிறகு நேரானதே இல்லை.

இங்கே அப்படி விடமாட்டார்கள் என்று நம்பினேன். கொஞ்ச காலம் அது உண்மையாகவும் இருந்தது. படைவீரரை வீட்டில் வைத்துப் பார்க்கும் குடும்பத்துக்கென்று ஒரு உதவித் திட்டம் இருக்கிறது. எனக்கு அதில் இடம் கிடைத்தது. மாதாமாதம் உதவித் தொகை வந்தது. எனக்கு மருத்துவக் காப்புறுதி கிடைத்தது. வாரத்தில் சில மணி நேரம் ஒருவர் வந்து அவரோடு இருப்பார், நான் கடைக்குப் போய்வரலாம். அவரை எப்படித் தூக்குவது, வலிப்பின்போது எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று பழக்கினார்கள். பழக்க வந்த பெண், "நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள்?" என்று கேட்டாள். என் தூக்கத்தைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் காகிதக் கைத்துண்டு தேடிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமைகளில் போனில் ஒரு கூட்டம் உண்டு. என்னைப் போன்றவர்கள் பேசுவார்கள். அதில் டோனா என்று ஒரு தாய் இருக்கிறாள். பண்ணை வீட்டில் தனியாக இருந்து, படையில் அடிபட்ட மகனைப் பார்க்கிறாள். நான் மலைநாடு என்று சொன்னதும் தேயிலைப் பெட்டியில் இருக்கும் படத்தைச் சொன்னாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். ஆனால் படுக்கை விரிப்பைத் தோய்க்கிற விஷயம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரித் தெரியும்.

4

இந்தத் திட்டத்தில் ஒருதடவை சேர்ந்துவிட்டால் போதாது. இன்னும் தேவை இருக்கிறதா என்று ஆள் வந்து பார்ப்பார்கள். போன வருடம் ஒரு அதிகாரி வந்தாள். நல்ல பெண்மணி. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

அலுவலகத்தில் இருந்து ஆள் வருவது தெரிந்ததும் அவர் காலையில் இருந்தே வேறு ஆளாகிவிட்டார். தானே சவரம் செய்து தாடையில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டையைக் கேட்டு வாங்கினார். பொத்தான்களை நான் போட்டேன். நான் ஊற்றிய தேத்தண்ணியை இடது கையால் ஏந்தி வந்து அவளுக்குக் கொடுத்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"உடுத்துவதற்கு உதவி வேண்டியிருக்கிறதா?" என்று அவள் கேட்டாள்.

"இல்லை, மேடம்."

"குளிப்பதற்கு?"

"இல்லை, மேடம். நான் நன்றாக இருக்கிறேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அதை அவர் நம்பினார். நான் கண்ணால் ஜாடை காட்டிப் பார்த்தேன். அவள் மடிக்கணினித் திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?"

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சட்டை கலையாமல், முகம் பூராவும் பெருமையோடு. அவரை வைத்துக்கொண்டு என்ன சொல்வது. "ஐ மேனேஜ்" என்றேன்.

நாங்கள் மேனேஜ் பண்ணிக்கிறோம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அரிசி இல்லாவிட்டாலும் மேனேஜ் பண்ணுவோம், கூரை ஒழுகினாலும் மேனேஜ் பண்ணுவோம். அந்தப் பெண்ணுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். நிர்வாகம் நன்றாக நடக்கிறது. சிரித்துக்கொண்டே அதைத் தட்டிக்கொண்டாள்.

அவள் கார் திரும்பியதும் அவர் சோபாவில் சரிந்தார். அன்று சாயங்காலமே வலிப்பு வந்தது. அதைப் பார்க்க அப்போது வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

சில வாரத்தில் பதில் வந்தது. அவருடைய நிலை முன்னேறியிருப்பதால் உதவி நிறுத்தப்படும். தான் நன்றாகச் சமாளிப்பதாகப் பராமரிப்பாளரே கூறியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை டோனாவிடம் சொன்னேன். "அவர்கள் கேட்கும்போது உன் நல்ல நாளைச் சொல்லக் கூடாது. மகா மோசமான நாளைச் சொல்ல வேண்டும். மேல்முறையீடு செய். இந்தத் தடவை ஆங்கிலத்தில் பேசாதே" என்றாள்.

5

மேல்முறையீட்டு விசாரணை வீட்டில் இருந்தபடியே கணினித் திரையில் நடந்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டிருந்தேன். என் கணவர் பெயரில் உள்ள வழக்கு என்பதால் அவரும் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்றார்கள். அதுதான் எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது. அவருடைய குறைகளை நான் தமிழில் யாரிடமும் சொன்னதே இல்லை. அக்காவிடம்கூட. இப்போது அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்ல வேண்டும்.

காலையில் அவருக்குச் சட்டை போட்டுவிடும்போது சொன்னேன்.

"என்னங்க, இன்னைக்கு நான் சில விஷயம் பேசுவேன். மனசுல வச்சிக்காதீங்க."

"என்ன விஷயம்?"

"உங்களப் பத்தித்தான்."

"உண்மையத்தான சொல்லப் போற?"

"உண்மையத்தாங்க."

"அப்ப சொல்லு" என்றார். சொல்லிவிட்டுக் கொலரை இழுத்துச் சரி செய்துகொண்டார்.

திரையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் வெள்ளைத் தாடி வைத்த ஒருவர். மொழிபெயர்க்கும் பெண்ணின் குரல் மட்டும் கேட்டது. சென்னைப் பக்கத்துப் பேச்சு. எங்கள் மகள் அனுஷாவுக்கு அன்று அரை நாள் ஸ்கூல். அவள் வந்து மாடிப் படியில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது.

"ஒரு வாரத்தில் அவருக்கு என்னென்ன உதவி செய்கிறீர்கள், சொல்லுங்கள்" என்றார் தாடிக்காரர். அந்தப் பெண் தமிழில் சொன்னாள். நான் கண்ணை மேசையில் வைத்துக்கொண்டு பேசினேன்.

"வாரத்துல பாதி நாளு, தன்ன அறியாம சாரத்துலயே போயிருவாருங்க. நான்தான் எறக்கிக் கழுவி விடணும்."

அந்தப் பெண் ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அதில் ஒரு சொல் எனக்குத் தெரியவில்லை. திரையில் மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தாடிக்காரர் ஏதோ கேட்டார்.

"மேடம், உங்க ஹஸ்பண்ட் கன்ஸ்ட்ரக்ஷன் வேலைக்குப் போறாரான்னு கேக்கறாங்க" என்றாள் அந்தப் பெண்.

"இல்லீங்க. வேல ஒண்ணும் இல்லீங்க."

அவர்கள் எதையோ குறித்துக்கொண்டார்கள். என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் அவருக்கு விளங்கியிருந்தது. அவர் கழுத்து சிவந்துபோயிருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கேள்வி வந்தது. அவரால் எனக்கோ அவருக்கோ ஆபத்து நேர்ந்ததுண்டா என்று கேட்டார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும் என்று டோனா சொல்லியிருந்தாள்.

"ஒருநாள் காலையில எழுப்பப் போனேங்க. தோளத் தொட்டதும் கழுத்தப் புடிச்சிட்டாரு. விரல எடுக்கவே முடியல. கையக் கடிச்சித்தான் விடுவிச்சிக்கிட்டேன். அவருக்கு அது ஞாபகத்துல இல்ல. அவரு மேல தப்பில்லீங்க."

கணினியில் அந்தப் பெண் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு அவள் மிக மெதுவாக, மரியாதையாக, ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொன்னாள். அது எனக்கே விளங்கியது. சில சமயம் தூக்கம் கலைந்தால் அவர் வருத்தப்படுவார்.

"அவள் அப்படிச் சொல்லவில்லை."

அவர்தான் பேசினார். ஆங்கிலத்தில். படையில் இருந்தபோது பேசிய குரல், நான் மறந்தே போயிருந்த குரல். இடது கையை மேசை மேல் வைத்து, திரையை நேராகப் பார்த்தார்.

"சாரம் என்றால் நாங்கள் வீட்டில் உடுத்துகிற துணி. இந்த அம்மா அதைக் கட்டடத்துக்குப் போடுகிற சாரம் என்று நினைத்துவிட்டார். நான் கட்டடத்தில் ஏறவில்லை. வாரத்தில் பாதி நாள் என்னை அறியாமல் துணியிலேயே மலம் போகிறேன், தான் அதை அவிழ்த்துக் கழுவுவதாகச் சொன்னாள். ஒரு காலையில் நான் அவள் கழுத்தைப் பிடித்தேன். என் கையைக் கடித்துத்தான் அவள் தப்பினாள். அதைத்தான் சொன்னாள்." கொஞ்சம் நிறுத்தினார். "அவள் சொல்லாதது ஒன்று இருக்கிறது. நான் வெளியே போய்விடாமல் இருக்க அவள் கதவுக்குக் குறுக்கே தரையில் படுக்கிறாள். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாள். எனக்குத் தெரியும்."

மொழிபெயர்த்த பெண், "சாரி சார்" என்றாள், தமிழில் சொல்வது போல. தாடிக்காரர் நன்றி சொன்னார். முடிவைப் பிறகு தெரிவிப்பதாகச் சொன்னார். திரை இருண்டது.

"சரியா சொன்னேனா?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"சரியா சொன்னீங்க."

எழும்பிப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. தண்ணீர் கொடுக்கப் போனபோதும் முகத்தைத் திருப்பவில்லை.

அனுஷா படியிறங்கி வந்தாள். அவளுக்கு அவள் அப்பா மேல் பயமும் வெட்கமும். சிநேகிதிகளை வீட்டுக்குக் கூட்டி வரமாட்டாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு மேலே போய்விடுவாள். அன்று வந்து என் கழுத்தில், அவர் நகம் பதிந்த பழைய தழும்பு இருக்கும் இடத்தில் விரலை வைத்தாள்.

"அலர்ஜின்னு சொன்னீங்க" என்றாள், தமிழில்.

நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றுதான் அன்று நினைத்தேன். இதற்கு மேல் சொல்வதற்கு ஒரு மனுசனிடம் என்ன இருக்கிறது.

6

தோற்றோம்.

காரணம் எழுதியிருந்தார்கள். அனுஷா வாசித்துச் சொன்னாள். விசாரணையின்போது படைவீரர் இரண்டு மொழிகளுக்கு இடையே தெளிவாகவும் கோர்வையாகவும் மொழிபெயர்த்தார். மற்றவர் பேசியதை நினைவில் வைத்துத் திருப்பிச் சொன்னார். தன் நிலைமையைத் தானே விளக்கும் ஆற்றல் அவருக்கு இருக்கிறது. ஆகவே தொடர்ச்சியான மேற்பார்வை தேவைப்படுவதாகக் கருத முடியாது.

அவர் முன் அறையில் இருந்து கேட்டார். "என்னவாம் ராணி?"

"இன்னும் முடிவாகலயாங்க."

வேறு என்ன சொல்ல முடியும். அவர் மானத்தை விட்டுச் சொன்ன அந்த நாலு வார்த்தைதான் எங்களைக் கெடுத்தது என்று எப்படிச் சொல்வேன். இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. சில நாள் ஞாபகம் வந்து, "அந்த ஆளுங்க ஒண்ணும் சொல்லலயா?" என்பார். இன்னும் இல்லை என்பேன்.

இன்னும் மேலே முறையிடலாம், காலம் எடுக்கும் என்று டோனா சொன்னாள். அவளுடைய குரலிலேயே நம்பிக்கை இல்லை.

அக்காவுக்குப் போன் எடுத்தேன். முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள்.

"அவரயும் கூட்டிக்கிட்டு இங்க வந்துரு ராணி. நாங்க இருக்கோம்ல."

ஆசையாகத்தான் இருந்தது. திட்டத்தில் இருந்தவரைக்கும் இந்த நாட்டில்தான் இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. இப்போது அதுவும் இல்லை. போகலாம். ஆனால் அவருடைய வலிப்பு மாத்திரையில் ஒன்றை மாற்றிப் பார்த்தபோது ஆஸ்பத்திரியில் கிடந்தது ஞாபகம் வந்தது. அங்கே அதே மாத்திரை கிடைக்குமா என்று தெரியாது. அக்காவின் புருசன் கொழும்பில் கடையில் நிற்கிறார். அக்கா விடிந்தால் மலைக்குப் போகிறாள்.

"நீ மலைக்குப் போனதும் இவரு எறங்கிப் போயிட்டா யாரு அக்கா தேடுவா?"

நானே மேலே சொன்னேன்.

"அம்மா அப்பாவ வச்சிப் பாத்தத நீயும் பாத்தியேக்கா."

"பாத்தேன்" என்றாள். பிறகு, "அப்ப அங்கயே இருங்க" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்.

இப்போது நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். யார் யாருடைய அப்பாமாரையோ குளிப்பாட்டி, பொத்தான் போட்டு, சாப்பாட்டைத் துண்டு துண்டாக வெட்டி ஊட்டுகிறேன். அதற்குச் சம்பளம் தருகிறார்கள். என் புருசன் வீட்டில் தனியாக இருக்கிறார். முன் அறையில் ஒரு கமரா வைத்திருக்கிறேன், போனில் பார்க்கலாம். படம் அசையாமல் இருந்தால் அவர் தூங்குகிறாரா, விழுந்து கிடக்கிறாரா என்று தெரியாது. யாருடைய முதுகையோ தேய்த்தபடி போனைப் பார்த்து, "அசைங்க, கொஞ்சம் அசைங்க" என்று முணுமுணுப்பேன். அந்தக் கிழவர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து அசைவார்.

7

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தூரத்தில் ஒரு கல்லூரியில் அனுஷாவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அதைப் பற்றி அவள் பேசுவதையே நிறுத்தியிருந்தாள். அன்று தலையைக் குனிந்தபடியே ஆங்கிலத்தில் சொன்னாள்.

"ஸ்கூலுக்கு ஆமியில் இருந்து ஆள் வந்திருந்தார்கள். நான் பேசினேன். சேரப் போகிறேன்."

எனக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை.

"படிப்புச் செலவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்குச் சம்பளம் வந்தால் உங்களுக்கும் அனுப்பலாம். நீங்கள் இந்த வேலைக்குப் போக வேண்டாம், அப்பாவோடு இருக்கலாம். யாராவது ஏதாவது செய்ய வேண்டும் இல்லையா, அம்மா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று சொல்வார். வேறு யார் சொன்னாலும் கேட்கமாட்டாள், இவர் சொன்னால் கேட்பாள். இவரைப் பார்த்தாலே போதுமே. அவர் கரண்டியைத் தட்டில் வைத்தார். மகளை வெகு நேரம் பார்த்தார்.

"ஒன் கால் சைஸ் என்ன?" என்றார்.

அவள் திகைத்துப் போய்ச் சொன்னாள்.

"அவங்க குடுக்குற பூட்ஸ அப்படியே வாங்காத. அரை சைஸ் பெருசா கேளு. நடந்து நடந்து கால் வீங்கும். சின்னதா இருந்தா ரெண்டாவது நாளே தோல் உரிஞ்சிரும். உள்ள மெல்லிசான காலுறை போடணும், அதுக்கு மேல தடிச்சது." கோர்வையாகச் சொன்னார். ஒன்றும் தடுக்கவில்லை. "ஒரு சப்பாத்து எடுத்துட்டு வா."

அவள் ஓடிப் போய்த் தன் சப்பாத்தைக் கொண்டு வந்தாள். நாற்காலியில் இருந்து அவரைத் தரையில் இறக்க நான் எழும்புவதற்குள் அவளே அவர் கையைப் பிடித்து இறக்கி உட்கார வைத்துவிட்டாள். அவர் இடது கையால் நாடாவைக் கோத்தார். வலது கை செய்ய வேண்டியதை அவள் கை செய்தது. கணுக்காலுக்கு மேலே எப்படிச் சுற்ற வேண்டும், முடிச்சு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். ஒரு இடத்தில் அவள் பிழையாகக் கோத்துவிட்டாள். அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சிரித்த அதே சிரிப்பு.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசி எத்தனையோ வருடம்.

"அம்மா, பாருங்க" என்றாள், காலை நீட்டிக் காட்டி.

நான் சோற்றுச் சட்டியைப் பிடித்தபடி நின்றேன். வாயைத் திறந்து வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்தச் சிரிப்பு நின்றுவிடும். இரண்டு பேரும் மறுபடி அவரவர் அறைக்குப் போய்விடுவார்கள். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். வசந்தத்தில் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. அதற்குப் பிறகு எங்கள் சம்மதத்தை யாரும் கேட்கமாட்டார்கள்.

"நல்லாருக்கு" என்றேன்.

"இன்னும் இறுக்கு புள்ள" என்றார் அவர். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.